விளக்கு அணையாத கிணறு

மாப்பிள்ளை,

நேற்றுக் கீரனூர் கடைத்தெருவில் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். இஸ்திரிக்காரர் பெட்டியைத் திறந்து கொட்டாங்கச்சிக் கரியை அள்ளிப்போட்டு ஓலை விசிறியால் விசிறினார். கரி முதலில் பற்றும்போது ஒரு வாசனை வருமே, நனைந்த சாக்கும் காய்ந்த இரும்பும் கலந்தது போல, அது வந்தது. நான் பின்வாங்கி வெயிலில் போய் நின்றேன். “இங்கிட்டு நெழலுக்கு வாங்க, ஏன் காயிறீங்க” என்றார். வெயிலே போதும் என்றேன். கூரைக்குக் கீழே கரி எரிகிற இடத்தில் நான் நிற்பதில்லை. ஏன் என்று கேட்டால் ஒரு கதை சொல்ல வேண்டும். அதை அவரிடம் சொல்வதைவிட உன்னிடமே சொல்லலாம் என்று வந்து உட்கார்ந்திருக்கிறேன். பாதிக்கதை உனக்குத் தெரியும். மீதி, நீ போன பிறகு நடந்தது.

நீ என் தங்கையைக் கட்டியவன். அவள் முன்னால் உன்னை நீங்க, வாங்க என்று பேசுவேன். கிணற்றடிக்கு வந்துவிட்டால் வாடா போடாதான். இதை எழுதும்போது அவள் பக்கத்தில் இல்லை.

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. நீ புதுக்கோட்டையில் ஒரு பஸ் ஷெட்டில் கரி அடைக்கிற வேலை பார்த்தாய். பஸ்ஸின் முதுகில் ஆளுயர இரும்பு உருளை. அதற்குள் கரியை மூட்டி, காற்றை அளந்து விட்டால், கரி முழுக்க எரியாமல் புழுங்கி ஒரு வாயு விடும். அந்த வாயுவில் இன்ஜின் ஓடும். இதை நீ எனக்கு மண்ணில் படம் போட்டுக் காட்டினாய். நான் பள்ளிக்கூடம் போகாதவன். பலசரக்குப் பொட்டலத்துக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். அந்தப் படம் எனக்கு உடனே விளங்கியது.

சண்டை முடிந்து பெட்ரோல் வந்ததும் உன் வேலை போயிற்று. நீ பழைய உருளை ஒன்றைக் காயலான் கடையில் பிடித்து மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தாய். ஊரே வாசலில் நின்று சிரித்தது. இதில் நெல் அவிக்கலாமா என்று கேட்டாள் தங்கச்சி. நெல்லு என்ன, உங்க அண்ணனையே அவிக்கலாம் என்றாய்.

அந்த ஷெட்டில் நடந்த ஒன்றையும் நீ சொன்னாய். மழை நாளில் ஒரு கிளீனர் கதவைச் சாத்திக்கொண்டு, சூடு ஆறாத கரி பஸ்ஸுக்குப் பக்கத்தில் படுத்தானாம். விடிந்து எழுப்பினால் எழவில்லை. நோவு இல்லை, இருமல் இல்லை. “புண்ணியவான், தூக்கத்துலயே போயிட்டான்” என்றாய். நானும் ஆமாம் என்றேன். அந்தப் பேச்சை எத்தனையோ முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். உனக்கும் அப்போது தெரியாது. எனக்கும் தெரியாது.

சமஸ்தானம் போய் சர்க்கார் வந்தது. அதற்குப் பின்னால் மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. நம் பங்குக் கிணற்றில் தண்ணீர் பாறைக்குள் இறங்கிவிட்டது. கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கிற மாடுகள் எலும்பாகிப் போயின. பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து மண்ணெண்ணெய் இன்ஜின் ஒன்று வாங்கினோம். மேலே வைத்தால் தண்ணீரை உறிஞ்சாது என்று கிணற்றுக்குள் பாறையில் வெட்டிய திட்டில் அதை இறக்கினோம். வெயில் படாமலிருக்கக் கிணற்று வாய்க்குக் கீற்று வேய்ந்தோம். முதல் போகம் ராஜா மாதிரி ஓடியது. அப்புறம் மண்ணெண்ணெய் விலை ஏறத் தொடங்கியது. ஏறிய விலைக்கு நகையை வைத்தாவது வாங்கலாம். ஏறிய விலைக்கும் கிடைக்காது என்றால் என்ன செய்வது? டின்னைத் தூக்கிக்கொண்டு குன்றாண்டார்கோவிலுக்கும் கீரனூருக்கும் நடந்தேன். வீட்டு விளக்குக்கே இல்லை என்று கையை விரித்தார்கள். கடலை எண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். புங்க எண்ணெய் கலந்து பார்த்தோம். இன்ஜின் காசநோய்க்காரன் போல இருமி, கறுப்பாகத் துப்பிவிட்டு நின்றது. வயலில் நெல் பால் பிடிக்கிற பருவம். அந்த வாரம் தண்ணீர் கட்டாவிட்டால் அத்தனையும் பதர். அந்த நெல்தான் இரண்டு வீட்டுக்கும் வருஷச் சாப்பாடு.

அப்போதுதான் நீ கொட்டகையில் கிடந்த உருளையைத் தட்டிப் பார்த்தாய்.

கரிக்காக நாம் இருவரும் கண்மாய்க் கரையிலிருந்த நம் பட்டாக் கருவேலங்கட்டைகளை வெட்டினோம். இதை நான் எங்கும் சொல்வேன். என் கோடாலி ஒரு பக்கம், உன் கோடாலி ஒரு பக்கம். கோயில் காடு அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தக் காட்டில் ஒரு சுள்ளியை ஒடிக்கக் கூடாது. விழுந்த விறகைக்கூட எடுக்கக் கூடாது. அங்கே போய்விட்டு வெளியே வருகிறவர்கள் வேட்டியை உதறிவிட்டுத்தான் வருவார்கள், ஓர் இலைகூட ஒட்டிக்கொண்டு வரக்கூடாது என்பதற்காக. நீ கட்டை வெட்டப் போகும்போதே காட்டுப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வெட்டினாய். கும்பிடாதவன் நான்.

வெட்டும்போது ஒன்றைக் கவனித்தோம், நினைவிருக்கிறதா? நம் கோடாலிச் சத்தம் காட்டில் பட்டுத் திரும்பி வரவில்லை. கண்மாய்க் கரையில் துணி துவைத்தால் எதிரொலிக்கும். ஆடு கத்தினால் எதிரொலிக்கும். அன்று கோடாலி மட்டும் எதிரொலிக்கவில்லை. நீ ஒருமுறை நிறுத்திக் கேட்டுப் பார்த்தாய். பிறகு மறுபடி வெட்டினாய்.

இன்ஜின் கரியில் ஓடியது. மேலே உருளையை வைத்தால் வாயு குழாயில் இறங்குவதற்குள் தளர்ந்துபோகிறது என்று உருளையையும் திட்டுக்கே இறக்கினாய். கரி அடைக்க நடுவில் ஒருமுறை கீழே போக வேண்டும். போவதற்கு முன்னால் நம் பக்கத்து வழக்கப்படி அகலை ஏற்றி உறியில் வைத்துக் கிணற்றுக்குள் விடுவாய். விளக்கு அணைந்தால் கெட்ட காற்று, இறங்கக் கூடாது. எரிந்தால் இறங்கலாம். தூர்வாருகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது அதுதான். ஒரு தடவைகூட நீ விளக்கு விடாமல் இறங்கியதில்லை.

அன்றைக்கும் விட்டாய். நான் வயலின் கடைசி மடையில் மண்வெட்டியோடு நின்றேன். உச்சி வெயில். நீ கிணற்றோரம் குனிந்து கயிற்றை இறக்குவதும், பிறகு தலை கீற்றுக்குள் மறைவதும் தெரிந்தது. தண்ணீர் வாய்க்காலில் வந்துகொண்டிருந்தது. கஞ்சி குடிக்க வருகிறாயா என்று கூப்பிட்டேன். இன்ஜின் சத்தம் ஒரு நொடி தாழ்ந்து, மறுபடி உயர்ந்தது. யாரோ கை வைத்துத் திருகியது போலத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வந்தது. சரி, வேலை முடித்துவிட்டு வருவதாகச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

வெயில் சாய்ந்தது. தண்ணீர் வந்தது. ஒவ்வொரு பாத்தியாகத் திறந்து விட்டேன். கடைசிப் பாத்தியும் நிறைந்தது. நீ அடைத்த கரிக்கு அந்த இன்ஜின் எப்போதோ நின்றிருக்க வேண்டும். இதை இன்றைக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். மேயப் போன மாடு திரும்புகிறவரைக்கும் தண்ணீர் வந்தது. கடைசிப் பாத்தி வழியத் தொடங்கியதும், போதும் நிறுத்து என்று உன்னைப் பார்த்துக் கத்தினேன். இன்ஜின் நின்றது.

கீற்றை விலக்கிப் பார்த்தேன். விளக்கு உறியில் ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில், பாறையில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி நீ உட்கார்ந்திருந்தாய். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. உன் கறுத்த முகத்தில் அப்படியொரு நிறத்தை நான் கண்டதில்லை. என்னைக் கேலி செய்கிறாய் என்றே நினைத்துப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டு இறங்கினேன். தொட்டபோது உடம்பு விறைத்திருந்தது. அது ஒரு நாழிகையில் வருகிற விறைப்பு இல்லை. எனக்குத் தலை சுற்றியது, காதுக்குள் மணி அடித்தது. எப்படித் தூக்கிக்கொண்டு படி ஏறினேன் என்று தெரியாது.

தங்கச்சி உன் முகத்தைப் பார்த்துவிட்டு யாரையும் அழ விடவில்லை. “தூங்குறாக. சத்தம் போடாதீங்க” என்றாள். உன் கன்னத்தின் சிவப்பு மறுநாள் எடுக்கும்வரைக்கும் போகவில்லை. வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோயில் காட்டுப் பூசாரி வந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். மெதுவாகத்தான் சொன்னார். “செந்தூரம் பூசி அழைச்சுக்கிருச்சு. காட்டுல கை வச்சவங்களை அது இப்புடித்தான் கூப்புடும்.”

அதோடு தீர்ந்தது உன் பேர். காட்டுமரத்தைக் கரியாக்கியவன். கட்டை எங்கே வெட்டியது என்று நான் சொன்னேன். வெட்டிய அடிமரங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். கும்பிடாதவன் சாட்சி அந்த ஊரில் செல்லாது. தங்கச்சியும் அவர்கள் பக்கம் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு வலித்தது. அந்த நெல் அறுத்து வந்தது. அவள் ஒரு பிடி தொடவில்லை. அவள் என்னிடம் ஒன்றைத்தான் கேட்டாள்: “உச்சியிலயே அவுக போயிட்டாகன்னா, அந்தி வரைக்கும் தண்ணி எறைச்சது யாருண்ணே?”

தெரியவில்லை என்றே சொன்னேன். பூசாரிக்குத் தெரியுமாம். இருக்கட்டும். எனக்கு விளங்காததெல்லாம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. அந்த அரிசியை நான் பொங்கித் தின்றேன். நீ காப்பாற்றிய பயிர். குப்பையிலா கொட்டுவேன்?

கிணற்றைக் கைவிட்டார்கள். உச்சி வேளையில் அந்தப் பக்கம் ஆடு மேய்க்கவும் யாரும் போகமாட்டார்கள். நான் போவேன். கேட்கிறவர்களிடம் அங்கே ஒன்றும் இல்லை என்பேன். உனக்கு மட்டும் சொல்கிறேன்: ஒன்றும் இல்லைதான், ஆனால் அந்தக் கிணற்றில் கல்லைப் போட்டால் தண்ணீரில் விழுகிற சத்தம் கொஞ்சம் தாமதித்து வரும். யாரோ கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் போடுவது போல.

சில வருஷம் கழித்து எனக்குக் கண்ணில் பூ விழுந்து புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் பிரிக்க வந்த இளம் டாக்டரிடம் பேச்சுவாக்கில் உன்னைப் பற்றிச் சொன்னேன். கிணற்றுக்குள் கரி இன்ஜின் என்ற வரைக்கும்தான் சொல்லியிருப்பேன். அவர் கையை நிறுத்திவிட்டு, “மொகம் செவந்து இருந்துச்சா?” என்று கேட்டார்.

நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஊரே வேறு. உன்னைப் பார்த்ததில்லை. கரி புழுங்கும்போது வருகிற அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது என்றார். அது ரத்தத்தில் ஏறினால் ஆளைச் சிவக்க வைத்துக் கொல்லுமாம். விளக்கு எரிந்ததே என்றேன். விளக்கு எரியும், அதற்கு வேண்டிய காற்று இருக்கும், மனுஷனுக்குத்தான் இருக்காது என்றார். சீமையில் சுரங்கத்துக்குள் போகிறவர்கள் குருவிக்கூண்டு எடுத்துப் போவார்களாம். விளக்குக்குத் தெரியாதது குருவிக்குத் தெரியுமாம்.

ஊருக்கு வந்து வீடு வீடாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கண்ணோடு சேர்த்துப் புத்தியையும் எடுத்துவிட்டார்கள் என்று சிரித்தார்கள்.

இப்போது நம் பக்கம் கரண்டு வந்துவிட்டது. கண்மாய்க் கரை ஓரமாகக் கம்பம் நட்டிருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டாம், கரி சுட வேண்டாம். பித்தானை அழுத்தினால் தண்ணீர். பங்காளிகளுக்கு நம் கிணற்றின் மேல் மறுபடி ஆசை வந்தது, பயமும் போகவில்லை. பூசாரியைக் கேட்டார்கள். தங்கச்சி தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு காட்டின் முன்னால் நின்று, என் புருஷன் திருடியது தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லி, ஒரு சேவல் அறுக்க வேண்டும். அதன் பிறகு மோட்டார் வைக்கலாம் என்று ஆயிற்று. அவள் சரி என்றுவிட்டாள். அவர் செத்தும் எத்தனை காலம்தான் தலை குனிந்து நடப்பது, ஒரேயடியாகச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன் என்றாள்.

அவள் வாயால் நீ திருடன் என்று வரக்கூடாது. அதற்காகத்தான் அவ்வளவும் செய்தேன்.

பூசைக்கு முதல்நாள் ஊரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். என் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த உன் உருளையை இரண்டு ஆள் பிடிக்க, சங்கிலியில் கட்டித் திட்டில் இறக்கினேன். உள்ளே கடைத்தெருவில் வாங்கிய கரி, காட்டுக் கரி என்று யாரும் சொல்ல முடியாதபடி. கீற்றைப் பழையபடி பரப்பினேன். மூட்டிவிட்ட கரி புழுங்கட்டும் என்று காத்திருந்தோம். உச்சி வேளை. பெண்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. பிறகு ஒரே கம்பில் இரண்டு கயிறு கட்டி, ஒன்றில் அகல் விளக்கு, ஒன்றில் கூடைக்குள் கோழி, இரண்டையும் ஒன்றாக இறக்கினேன். கோழி என் வீட்டு வெள்ளைப் பெட்டை. சாமிக்குச் சிவப்புச் சேவல்தான் கொடுப்பார்கள். இது சாமி காரியமில்லை என்று தெரியட்டும் என்றே பெட்டையை எடுத்தேன்.

கூடைக்குள் கொஞ்ச நேரம் இறக்கை அடித்தது. அப்புறம் கயிறு என் கையில் சும்மா இருந்தது.

இழுத்தேன். விளக்கு எரிந்தபடியே மேலே வந்தது. கோழி கூடையில் உட்கார்ந்த நிலையில் செத்திருந்தது. கொண்டை முட்டையிடப் போகிற கோழிக்கு இருப்பதுபோலச் சிவந்திருந்தது.

பாருங்கள் என்றேன். இப்போதாவது பாருங்கள், இதுதான் அவனைக் கொன்றது, காடு இல்லை என்றேன். பூசாரி முன்னால் வந்து கூடையைப் பார்த்தார். கண்ணில் நீர் நிறைந்து, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். “சாமிக்குச் சேர வேண்டியது சேந்துருச்சுங்க. சேவல் கேட்டோம், அது பெட்டையவே ஏத்துக்கிருச்சு. உங்க கையாலயே வாங்கணும்னு இத்தனை வருஷம் காத்திருந்துருக்கு.”

கூட்டம் மொத்தமும் பெருமூச்சு விட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இனி மன்னிப்பும் வேண்டாம், பூசையும் வேண்டாம், கணக்கு நேராயிற்று என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். ஒரு பங்காளி கோழியைக் குழம்புக்குக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. தொண்டை கட்டுகிறவரைக்கும் கத்தினேன். வாழ்நாள் முழுக்க ஒரு சூடம் கொளுத்தாதவனைக் கொண்டே பலி கொடுக்க வைத்துவிட்டார்கள், மாப்பிள்ளை. நீ இருந்திருந்தால் கிணற்றுக்கட்டில் உருண்டு சிரித்திருப்பாய்.

எல்லாரும் போன பிறகும் தங்கச்சி போகவில்லை. அவள் கோழியைப் பார்க்கவே இல்லை. கட்டின் மேல் நான் வைத்த அகலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலில் அதன் சுடர் இருப்பதே தெரியவில்லை. உள்ளங்கையை மேலே பிடித்துப் பார்த்தாள்.

“வெளக்கு எரியுதேண்ணே” என்றாள். கையை எடுக்காமலே, “அப்ப அவுக பாத்துட்டுத்தான் எறங்கியிருக்காக.”

ஆமாம் என்றேன்.

உருளையை வெளியே எடுத்துக் கீற்றையெல்லாம் பிரித்துப் போட்டு, கிணறு நன்றாகக் காற்று வாங்கட்டும் என்று விட்டோம். மோட்டார் பூட்ட ஆள் வருகிற அன்று காலையில் அவள் வந்து, தான் இறங்கி அந்தத் திட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். நீ போன நாளிலிருந்து அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்காதவள். முதலில் கூடையில் இன்னொரு கோழியை இறக்கினேன். அது கீழே கொக்கரித்துக்கொண்டே இருந்தது. பிறகு அவள் படியில் இறங்கினாள். நீ சாய்ந்திருந்த பாறையில் முதுகை வைத்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்தது. நடுநடுவே நிறுத்தி, யாரோ பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தாள். ஒருமுறை சிரித்தாள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

இன்றைக்கு நம் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. சுற்றுவட்டாரத்தில் யார் பாழுங்கிணற்றில் இறங்கினாலும் விளக்கோடு ஒரு கோழியையும் இறக்குகிறார்கள். சாமிக்கு என்கிறார்கள். இல்லை, வாயுவுக்கு என்று ஒவ்வொரு தடவையும் போய்த் திருத்துகிறேன். திருத்திக்கொண்டேதான் இருப்பேன்.

என்னிடம் உன் நினைவாக இருப்பது ஒரு கெட்ட பழக்கம். சிவந்த முகத்தைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. ஓடி விளையாடிவிட்டு வந்து கன்னம் சிவக்கத் தூங்குகிற பேரப்பிள்ளைகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். வீட்டில் ஏசுகிறார்கள், கிழவர் பிள்ளைகளை எழுப்பிவிடுகிறார் என்று. அன்று தங்கச்சி கிணற்றிலிருந்து ஏறி வந்தபோது வெயிலும் படியும் சேர்ந்து அவள் முகம் செக்கச் செவேலென்று இருந்தது. கடைசிப் படியில் நின்று என்னைப் பார்த்தாள். நான் அவள் மூக்கருகே கையைக் கொண்டுபோனேன். அவள் அசையாமல் நின்று கொடுத்தாள். சூடாக, இரைக்க இரைக்க, மூச்சு என் விரலில் பட்டது.